வராமல் இருந்தால் போதும்

கருவேலம்பாக்கத்துக் குழாய்களில் தண்ணீர் நின்று பத்தாவது நாள், பொழுது விடியும் நேரத்தில், ஆண்டாளம்மாள் குடத்தோடு விழுந்தாள்.

விழுந்த இடம் ஊர்ச்சாலை. மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, குடோன் கேட்டைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக ஊருக்குள் போகிற ஒரே சாலை அது. பார்சல் கம்பெனியின் கன்டெய்னர் லாரிகள் ஒன்றரை வருஷமாக ஏறி இறங்கியதில் தார் இருந்த சுவடே போய்விட்டது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கருகியதிலிருந்து ஊர்ப் பெண்கள் அந்தப் பள்ளங்களைத் தாண்டித்தான் வயல் பம்புசெட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார்கள்.

குடோன் கேட்டுக்கு எதிரே தகரக் கொட்டகையில் டிபன் கடை வைத்திருந்த சசிரேகா, இட்லிப் பானை மூடியைத் தூக்கிய கையோடு சத்தம் கேட்டு ஓடினாள். ஆண்டாளம்மாள் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது.

"ஆட்டாத அத்தே, அப்டியே பிடி" என்று தன் முந்தானையால் அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள் சசிரேகா. கிழவி வலியில் உதட்டைக் கடித்தாளே தவிர அழவில்லை. ஆட்டோ வந்து உத்திரமேரூருக்குக் கிளம்பும்போது மட்டும் சொன்னாள்:

"நாம ரெண்டு பேரும் மெம்பருங்க. ஒரு மோட்டார் வாங்க வக்கில்ல. வெளில சொன்னா சிரிப்பாங்கடி."

மெம்பர் என்றால் ஊராட்சி மன்ற வார்டு உறுப்பினர். ஆண்டாளம்மாள் இரண்டாவது வார்டு. சசிரேகா நாலாவது வார்டு.

சசிரேகா மெம்பர் ஆனதே ஒரு தற்செயல்தான். 2021 அக்டோபரில் தேர்தல் வந்தபோது நாலாவது வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். நிற்க வேண்டியவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். டிபன் கடைக்காரியை எல்லாருக்கும் தெரியும், யாரோடும் சண்டையில்லை, நீயே நில்லு என்றார்கள். பதினோரு ஓட்டில் ஜெயித்தாள். புள்ளலூரில் நடவு வேலை செய்கிற குடும்பத்தில் பிறந்து, ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி, பத்தொன்பது வயதில் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் வேதகிரி பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு விரிசல் விட்டு ஒன்றரை வருஷம் படுத்துவிட்டான். அப்போது அவள் இரண்டு அடுப்போடு ஆரம்பித்ததுதான் அந்தக் கடை. அப்புறம் குடோன் வந்தது. லாரிக்காரர்கள் வந்தார்கள், பேக்கிங்குக்குப் பெண்கள் வந்தார்கள், கடை நிமிர்ந்தது. பாரம் தூக்க முடியாத வேதகிரிக்கு அந்தக் கேட்டிலேயே செக்யூரிட்டி வேலையும் கிடைத்தது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு அவன் முதல் நாள் வேலைக்குப் போனபோது சசிரேகா கடை அடுப்புக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

மன்றக் கூட்டத்தில் அவளுக்கு வேலை என்று எதுவும் இருந்ததில்லை. ஊராட்சிச் செயலர் சுகுமார் நோட்டைத் திருப்பி, "இங்க ஒரு கையெழுத்துக்கா" என்று விரலை வைப்பான். அவள் போடுவாள். டீ வரும். குடித்துவிட்டு வந்து உளுந்து ஊறவைப்பாள். மூன்று வருஷம் இப்படியே போயிற்று.

ஆண்டாளம்மாளுக்குக் கட்டுப் போட்ட அன்று சாயங்காலம் அவள் நேரே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். சுகுமார் முப்பது வயதுப் பையன், பொறுமைசாலி.

"மோட்டாருக்கு இன்னாப்பா ஆச்சி?"

"மேல எழுதிப் போட்டுக்கீதுக்கா. வரணும்."

"பத்து நாளா இதையே சொல்ற. நம்மாண்ட காசே இல்லியா?"

சுகுமார் சற்று யோசித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருக்கா. மேலருந்து வர்ற காசு, இன்ன செலவுக்குன்னு எழுதியே வரும். ரோட்டுக் காச மோட்டாருக்குத் தொட முடியாது. நம்ம இஷ்டத்துக்குச் செலவு பண்றது ஒன்னே ஒன்னுதான், கட்டட வரி. நாமளே போட்றோம், நாமளே வசூல் பண்றோம், நம்ம கணக்குலயே நிக்குது. யாரும் எடுத்துக்கினு போவ மாட்டாங்க. ஆனா ஊர்ல இருக்கறது முன்னூத்திச் சொச்சம் வூடு. அந்த வரில தெருவெளக்கு பல்பு மாத்தலாம், அவ்ளோதான்."

"குடோனு?"

"அதாங்கா விஷயம். இத்தினி நாளு கட்டடம் முடியலன்னு எழுதிக் குடுத்துக்கினு இருந்தாங்க. இப்ப முடிஞ்சிது. வரி போடணும். வியாபாரக் கட்டடத்துக்கு இவ்ளோலருந்து இவ்ளோ வரைக்கும்னு ஒரு வரம்பு கீது. அதுக்குள்ள எவ்ளோன்னு மன்றந்தான் தீர்மானம் போடணும். கம்பெனி கீழ் வரம்பு கேக்குது. மேல் வரம்பு போட்டா வருஷத்துக்கு நாலு லட்ச ரூபா வித்தியாசம்."

நாலு லட்சம். சசிரேகா அந்தத் தொகையைக் கையால் தொட்டதில்லை. ஆனால் மோட்டாரின் விலை அவளுக்குத் தெரியும்.

"தலைவரு இன்னா சொல்றாரு?"

"கீழ் வரம்புதான்றாரு. அவருகூட ரெண்டு மெம்பரு. ஆண்டாளம்மா, முத்துவேலு, கண்டக்டர் பாண்டுரங்கன், மூணு பேரும் மேல் வரம்பு." சுகுமார் குரலைத் தாழ்த்தினான். "மொத்தம் ஏழு ஓட்டுக்கா. மீதி ஒன்னு நீதான்."

வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெருமையால் அல்ல. யாரோ அவளைக் கேட்காமலே அவள் தலையில் நிறைகுடத்தைத் தூக்கி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டு நாளில் கூட்ட அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. தேதியைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. அன்றைக்குத்தான் மாகறலில் காதுகுத்து.

வேதகிரியின் தங்கை வளர்மதிக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் பிள்ளையில்லை. கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பிறந்த பையன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் பெண்டாட்டி சீர்த்தட்டு ஏந்தி முன்னால் நடக்க வேண்டும். ஒரு மாதம் முன்னாலேயே பத்திரிகை அடித்தாகிவிட்டது. தலைவர் தாமோதரனுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தது அவளேதான். அவருக்குத் தேதி மறந்திருக்குமா? மறக்காமல்தான் வைத்தாரா? இதை யாரிடமும் கேட்க முடியாது.

புதன்கிழமை பதினொரு மணிவாக்கில், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கம்பெனியின் நிர்வாக மேலாளர் பிரேம்நாத் வந்தார். காஞ்சிபுரத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார். இரண்டு இட்லி வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்.

"உங்க சாம்பார் நல்லா இருக்குங்க. உள்ள கேன்டீன் தொறக்கப்போறோம். முன்னூறு பேரு. வெளியாளுக்குக் குடுக்கறதுக்குப் பதிலா உள்ளூர்லயே குடுக்கலாம்னு நானே சொல்லியிருக்கேன்."

சசிரேகா கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"வேதகிரி நல்ல மனுஷன். செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் மாசாமாசம் லிஸ்ட் மாத்துவான். நான்தான் அவர் பேரை விடாம வச்சிருக்கேன்." இலையை மடித்தார். "வெள்ளிக்கிழமை கூட்டம்னு கேள்விப்பட்டேன். உங்கள எங்களுக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேக்க மாட்டேன். அது தப்பு. வீட்டுல விசேஷம் இருக்கே, அதுக்குப் போயிட்டு வாங்க. வராம இருந்தா போதும்."

காசை வைத்துவிட்டு, கை கழுவி, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் எது மிரட்டல் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் அவளால் முடியாது. ஆனால் கழுவின கரண்டியையே அவள் மறுபடி கழுவினாள்.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. அவள் போகாவிட்டால் மூன்றுக்கு மூன்று. சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு. கீழ் வரம்பு ஜெயித்துவிடும். அவள் யாருக்கும் எதிராகக் கை தூக்கவில்லை, யாருக்கும் துரோகம் செய்யவில்லை, நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போனாள். யார் என்ன சொல்ல முடியும்?

அன்று சாயங்காலம் பேக்கிங் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஷிப்ட் முடிந்து கடைக்கு முன்னால் வந்து நின்றார்கள். டீ குடிக்க வரவில்லை. சொக்கம்மாள் முன்னால் நின்றாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்களைக் காலேஜில் படிக்கவைப்பவள்.

"இன்னா சசி, வரிய ஏத்தப் போறீங்களாம்?"

"இன்னும் ஒன்னும் முடிவாவல."

"பக்கத்து ஊரு ஓடப்பந்தாங்கல்ல கீழ் வரம்புதான் போடுவோம்னு தீர்மானமே போட்டுக் குடுத்துட்டாங்களாம். ரெண்டாவது குடோனு அங்க போவப் போவுதாம். அப்புறம் இதையும் இழுத்து மூடிட்டுப் போனா? நூறு நாள் ஏரி வேலைக்குப் போவச் சொல்றியா எங்கள?"

"ரோட்டப் பாருடி. தண்ணியப் பாரு."

"ரோடு பள்ளமாத்தான் கீது. நான் தாண்டி நடந்துக்கினு போயிடுவேன். சம்பளம் நின்னா எதத் தாண்டறது?"

சொக்கம்மாள் சொன்னதில் பொய் இல்லை. அவர்கள் போன பிறகு அவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் பெஞ்சைத் துடைத்தாள். மேல் வரம்பு போட்டு, நாளைக்கே குடோனைப் பூட்டிவிட்டால், இந்தப் பன்னிரண்டு பேரின் வயிற்றெரிச்சலும் அவள் வாசலில்தான் வந்து விழும்.

வேதகிரி அவ்வளவு சுற்றிப் பேசவில்லை. சோற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டான்: "வெள்ளிக்கிழமை காதுகுத்துக்கு வர்ற இல்ல?"

"வராம?"

"முழுசா. சாப்ட்டு, பந்தி முடிஞ்சி, சாயங்காலமா வர்றோம்."

"பத்தரைக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிடும். நான் மட்டும்..."

"சசி." அவன் குரல் உயரவில்லை. "ஒன்றரை வருஷம் நீ என்னத் தூக்கி உக்காரவச்ச. நான் மறக்கல. இந்தச் சட்டய போட்டுக்கினுதான் மறுபடி நாலு பேரு எதிர்ல நிக்கறேன். அதக் கழட்டிடாத."

வியாழக்கிழமை பூராவும் அவள் சீர்ப் பொருள் வாங்கினாள். புடவை, பிள்ளைக்குச் சட்டை, வெல்லம், பழம், பூ. கடைத்தெருவில் நடக்கும்போதெல்லாம் கூட்டத்துக்குப் போகாதே என்று ஒரு மனசும் போ என்று ஒரு மனசும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தன. ராத்திரி வந்தபோது போகவேண்டாம் என்ற மனசுதான் ஜெயித்திருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே மாகறல் போய்விட்டார்கள். கோயில் மண்டபத்தில் சொந்தம் பூராவும் கூடியிருந்தது. மேளம் வந்துவிட்டது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. காது குத்துகிற ஆசாரிதான் வரவில்லை. வழியில் வண்டி பஞ்சராம். ஒன்பதரை ஆயிற்று, ஒன்பதே முக்கால் ஆயிற்று. எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சசிரேகா மட்டும் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகப்போவதில்லை என்று முடிவான பிறகு கடிகாரத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்தே காலுக்கு ஆசாரி வந்தார். வேதகிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் மடியில் பிள்ளையை வைத்தார்கள். ஊசி இறங்கியது, பிள்ளை வீறிட்டது, மேளம் கெட்டியாயிற்று. வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது பக்கத்தில் இருந்த ஒரு சொந்தக்காரி கேட்டாள்:

"ஏன் சசி, நீ மெம்பராமே உங்க ஊர்ல? இன்னா பண்ணுவீங்கோ அதுல?"

"ஒன்னும் பண்ண மாட்டோம். கையெழுத்துப் போடுவோம்" என்றாள் சசிரேகா.

வாயிலிருந்து வந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. நாள்கணக்காகத் தண்ணீரில்லாத குழாய். சேற்றில் உட்கார்ந்த ஆண்டாளம்மாள். ஒன்னும் பண்ண மாட்டோம். சீர்த்தட்டைக் கொண்டுபோய் வளர்மதி கையில் கொடுத்தாள்.

"வளரு, நான் ஊருக்குப் போயிட்டு வந்துட்றேன். கூட்டம் ஒன்னு கீது."

வளர்மதி முகம் மாறிவிட்டது. "இன்னா அண்ணி இது? இன்னும் பந்தியே போடல. மாமன் பொண்டாட்டி சாப்புடாம போனா இன்னா சொல்வாங்க? பத்து வருஷம் கழிச்சி ஒரு நல்லது நடக்குது, இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான் வச்சிட்டாங்க. மன்னிச்சிக்கோ."

வேதகிரி எழுந்து அவள் பக்கத்தில் வந்தான். பைக் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. அவள் அந்தப் பையைப் பார்த்தாள். அவன் சாவியை எடுக்கவில்லை. அவளைத் தடுக்கவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்திக்கு இலை போடப் போய்விட்டான்.

அவள் பட்டுப்புடவையோடு மெயின் ரோட்டுக்கு நடந்தாள். பத்து நாற்பது. பஸ் இல்லை. ஷேர் ஆட்டோ ஒன்று நிறைய ஆட்களோடு நிற்காமல் போயிற்று. பத்து ஐம்பது. ரோடு வெறிச்சென்று கிடந்தது. வெயிலில் தலைப்பூ வாடத் தொடங்கியது. ஒருவேளை இதுதான் கடவுள் சொல்கிற பதிலோ, போகாதே என்று?

அப்போது காஞ்சிபுரம் பக்கமிருந்து ஒரு பார்சல் லாரி வந்து பிரேக் போட்டது. "இன்னாக்கா, இங்க நிக்கிற?" என்று தலையை நீட்டினான் டிரைவர் முனியன். தினமும் அவள் கடையில் பொங்கல் சாப்பிடுகிறவன். வண்டி குடோனுக்குத்தான் போகிறது.

"ஏத்திக்கினு போறியாப்பா?"

"ஆள ஏத்தக் கூடாதுதான். கேமரா கீது. பரவால்ல ஏறு, எங்க அக்கான்னு சொல்லிக்கறேன்."

அவள் எதற்குப் போகிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்தக் கம்பெனி வண்டியிலேயே போகிறோமே என்று அவள் சீட்டின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள். முனியன் வழி நெடுக, "உங்க ஊரு ரோடு இருக்கே, மாசத்துக்கு ஒரு ஸ்பிரிங் பட்டை ஒடையுது. ஓனரு என் சம்பளத்துல பிடிக்கிறான்" என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

ஊர்ச்சாலை திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு கன்டெய்னர் பள்ளத்தில் இறங்கி, ஏறமுடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள். மணி பதினொன்று இருபத்தைந்து. சசிரேகா கீழே குதித்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில், குடோன் கேட்டையும் தன் மூடிய கடையையும் தாண்டி ஓடினாள். கேட்டில் நின்ற ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஊராட்சி அலுவலகத்துக் கதவு சாத்தியிருந்தது. அவள் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது தலைவர் தாமோதரன் பேசிக்கொண்டிருந்தார். "ஆக, மூணுக்கு மூணு. சமமா வந்ததால தலைவர்ன்ற மொறைல என்னோட..."

பேச்சு நின்றது. ஆறு தலைகளும் திரும்பின. மூச்சு வாங்க, முழங்கால் வரை சேறோடு, வாடிய மல்லிகையோடு நின்றவளைப் பார்த்தார்கள்.

"கூட்டம் முடிஞ்சிதும்மா" என்றார் தாமோதரன்.

சுகுமார் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "இன்னும் முடியல தலைவரே. தீர்மானம் நோட்டுல ஏறல. மெம்பரு வந்துட்டாங்க. மறுபடி எடுத்துரலாம்." அவன் வேலையும் தலைவர் கையெழுத்தில்தான் ஓடுகிறது.

தாமோதரன் கெட்ட மனிதர் இல்லை. ஊருக்கு அந்தக் குடோனைக் கொண்டுவர நாயாக அலைந்தவர். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்: "சசிரேகா, நல்லா யோசிச்சிக்கோ. பக்கத்து ஊரு கம்மியா வச்சிக்கீது. நாம அதிகமா வச்சா, நாளிக்கி எவன் வருவான் இங்க? ஒரு கம்பெனி வந்ததே பெருசு. உன் வூட்டுக்காரரு, உன் கட, நாப்பது பொம்பளைங்க. இது எல்லாத்தையும் பணயம் வக்கறியா?"

அவள் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு பக்கமும் பயமாத்தான் கீது தலைவரே. நீங்க சொல்றது நடந்தாலும் நடக்கும். ஆனா அவங்க லாரி நம்ம ரோட்லதான் ஓடுது. நம்ம தண்ணி மோட்டாருக்கு நாம எவன் எவன் கையையோ பாத்துக்கினு நிக்கிறோம். வரியப் போடற உரிமய நம்ம கைல குடுத்துக்கீறாங்க. குடுத்தத வேணாம்னு நாமளே திருப்பிக் குடுத்துட்டு, அப்புறம் யார்கிட்டப் போயி அழறது? ஒன்னே ஒன்னு. வர்ற காசுல மொதல்ல ரெண்டு மோட்டார், அப்புறம் கேட்டுலருந்து ஊர் வரைக்கும் ரோடு. அதையும் தீர்மானத்துல எழுதணும். எழுதுனாத்தான் நான் கை தூக்குவேன்."

"எழுதிக்கலாம்" என்றார் கண்டக்டர் பாண்டுரங்கன்.

மறுபடி ஓட்டெடுத்தார்கள். கீழ் வரம்புக்கு மூன்று கைகள். மேல் வரம்புக்கு முத்துவேல், பாண்டுரங்கன், மாவுக்கட்டுப் போட்ட கையையே உயர்த்திய ஆண்டாளம்மாள். நாலாவதாக, சேறு காய்ந்துகொண்டிருந்த ஒரு கை.

தாமோதரன் உயர்ந்த கைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, "எழுதுப்பா" என்றார்.

அன்றைக்கு அவள் கையெழுத்துப் போடுமுன் தீர்மானத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

விலை உடனே வந்தது. மறு மாதம் ஏஜென்சி லிஸ்டில் வேதகிரி பெயர் ஒரகடத்துக்கு மாறியிருந்தது. போக வர தினம் எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. இடுப்பு வலியோடு விடியற்காலை நாலரைக்குப் பைக்கை உதைத்தான். கேன்டீனை வெளியூர்க்காரன் ஒருத்தன் எடுத்தான். சொக்கம்மாள் கூட்டம் ஒரு மாதம் அவள் கடைப் பக்கம் திரும்பவில்லை. உளுந்து மாவு புளித்துப் புளித்துக் கொட்ட வேண்டியதாயிற்று. வளர்மதி சீர்ப் புடவையைப் பிரிக்காமலே யாரிடமோ கொடுத்தனுப்பிவிட்டாள். அது இன்னும் பீரோவில் கிடக்கிறது. ரெண்டாவது குடோன் சொன்னபடியே ஓடப்பந்தாங்கலுக்குப் போயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று சசிரேகா சாப்பிடவில்லை.

கம்பெனி வரியை எதிர்த்து மேல்முறையீடு போட்டது. நாலு மாதம் இழுத்தது. அந்த நாலு மாதமும் அவள் சுகுமாரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள், "வந்துச்சா?" அவன் உதட்டைப் பிதுக்குவான். இடையில் மேலிடத்திலிருந்து பழுது பார்த்த மோட்டார் ஒன்று வந்து தண்ணீர் ஓடியது. அவள் செய்தது வீண் என்று சிலர் வாய்விட்டே சொன்னார்கள். ஆனால் பூட்டிக்கொண்டு போவார்கள் என்ற பயம் மட்டும் நடக்கவில்லை. அவ்வளவு பெரிய கொட்டகையைத் தூக்கிக்கொண்டு யார் எங்கே போவது? ஷிப்ட் சங்கு வழக்கம்போல ஊதியது. ஒருநாள் மழையில் சொக்கம்மாள் கடைக்குள் ஒதுங்கினாள். "ஒரு டீ போடு" என்றாள்.

ஐந்தாவது மாதம் மேல்முறையீடு தள்ளுபடியாகி முதல் தவணை ஊராட்சிக் கணக்கில் ஏறியது. பங்குனி வெயிலில் அந்தப் பழுது பார்த்த மோட்டார் மறுபடி கருகியபோது, சுகுமார் யாருக்கும் எழுதிப் போடவில்லை. காலையில் மன்றம் கூடியது. மத்தியானம் புது மோட்டார் வாங்க வண்டி காஞ்சிபுரம் போயிற்று. மறுநாள் சாயங்காலம் குழாயில் முதலில் காற்று சீறியது. அப்புறம் செம்மண் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். ஆண்டாளம்மாள் தன் வாசல் குழாயை மூடாமல் சற்று நேரம் ஓடவிட்டாள். வீணாக்காதே என்று யாரோ அதட்டினார்கள். "இருடா, கண்ணால பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

வீட்டுக்குள் மட்டும் இறுக்கம் தளரவில்லை. வேதகிரி கேட்டதற்குப் பதில் சொல்வான், தானாகப் பேசமாட்டான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. விடியற்காலை டிபன் கட்டிக் கொடுப்பாள். அவன் வாங்கி மாட்டிக்கொண்டு போவான்.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை. வேதகிரிக்கு வார விடுமுறை. கடைக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். சுகுமார் ஒரு நோட்டும் நீளமான டேப்பும் எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கடைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. ரோட்டோரக் கடைங்களையும் அளக்கணும். தீர்மானம் வியாபாரக் கட்டடம் எல்லாத்துக்குந்தான். உன் கடையிலருந்து ஆரம்பிச்சா மத்தவங்க பேச மாட்டாங்கன்னு..."

சசிரேகாவுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. தகரக் கொட்டகைக்கும் அதே விகிதமா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

"அளந்துக்கோப்பா" என்றாள். கை இரண்டும் மாவாக இருந்தது. "ஒத்த ஆளா எப்டி அளப்ப?"

கோடாலிச் சத்தம் நின்றது. வேதகிரி பின்பக்கமிருந்து வந்தான். சுகுமாரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, கடையின் மூலைக் கம்பத்தில் வைத்து அழுத்தினான்.

"இழு" என்றான். பிறகு, அடுப்புப் பக்கம் திரும்பி, "அந்தப் பாத்திரம் கழுவற எடத்தையும் சேத்து அளக்கணும் சசி. அதும் கடதான்" என்றான்.